எடுத்து வைத்தது திரும்ப வருமா?



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு நம் இதழுக்கு வரும் வாசகர் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ போட்டுக்கொண்டவர்கள் முதலில் பிரிண்டரைப் பற்றியும் தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் கேட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் பேக்கப்பைப் பற்றி. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

'எந்த மென்பொருளைப் போட்டால் நல்லது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெயர்களைக் கீழே சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். நாளைக் காலையில் கணினியை ஆன் செய்கிறீர்கள். டிஸ்க்கைக் காணோம் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது. அன்று மாலைக்குள் உங்கள் கையில் எது இருந்தாக வேண்டும்? மகளின் கல்லூரிச் சான்றிதழ் ஸ்கேனா, பாதி மொழிபெயர்த்து வைத்திருக்கும் நாவலா, கடையின் ஜிஎஸ்டி கணக்கா? எது ஒரு வாரம் கழித்து வந்தாலும் போதும்? எது வராமலே போனாலும் பரவாயில்லை? அதைத் திரும்பக் கொண்டுவரப் போவது நீங்களா, அல்லது நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருக்கும் வேறொருவரா?

இந்தப் பதில்கள் தெரிந்துவிட்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது கால் மணி நேர வேலை. எடுக்கிற பக்கத்திலிருந்து யோசிக்காமல் மீட்கிற பக்கத்திலிருந்து யோசியுங்கள் என்பதுதான் இந்த மாதம் நான் சொல்ல வந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுதியிருந்தார். மின்ட் போட்ட நாளிலிருந்து டைம்ஷிஃப்ட் ஓடுகிறதாம். தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறதாம். 'இது போதும்தானே?' என்பது அவர் கேள்வி. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். டைம்ஷிஃப்டைத் திறந்து, நேற்றைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஃபோல்டர்கள் திறந்தன. ஹோம் என்பதற்குள் போங்கள் என்றேன். போனார். அங்கே அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதையும் திறந்தார். சிறிது நேரம் சத்தமே இல்லை. "காலியால்லா இருக்கு சார்?" என்றார். "அது அப்படித்தான் இருக்கும் டீச்சர், நீங்க எதுவும் தப்பா செய்யலை" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

டைம்ஷிஃப்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டோனி ஜார்ஜ் என்பவர் எழுதியது; 2022 முதல் லினக்ஸ் மின்ட் குழுவே அதைப் பராமரித்து வருகிறது. ஓர் அப்டேட் போட்டுத் திரை கறுத்துப்போனால், முந்தைய நாள் நிலைக்குக் கணினியைத் திருப்புவது அதன் வேலை. அதனால்தான் உங்கள் ஹோம் ஃபோல்டரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. யோசித்துப் பாருங்கள்: சிஸ்டத்தைப் போன வாரத்துக்குத் திருப்பும்போது, நேற்று எழுதி முடித்த கட்டுரையும் போன வாரத்து அரைகுறைக்குத் திரும்பினால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆக அதன் தீர்மானம் சரி. அதை பேக்கப் என்று நாம் நம்பிக்கொள்வதில்தான் கோளாறு. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோர் ஸ்னாப்ஷாட்டை அதே டிஸ்க்கில்தான் வைத்திருப்பார்கள். டிஸ்க் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். பிடிஆர்எஃப்எஸ் என்ற டிஸ்க் அமைப்பு முறையில் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு அந்த டிஸ்க்கை விட்டு வெளியே வழியே கிடையாது.

டைம்ஷிஃப்டை அணைத்துவிடாதீர்கள். அது தன் வேலையைச் செய்யட்டும். நாம் ஹோமுக்கு வருவோம்.

லினக்ஸில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. இயங்குதளம் போனால் கவலையே இல்லை. உரிம எண் தேட வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம். ஒரு பென் டிரைவ் இருந்தால் அரை மணி நேரத்தில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதியது, படமெடுத்தது, சேமித்தது, உங்கள் விருப்பப்படி மாற்றிவைத்த அமைப்புகள் எல்லாமே கிட்டத்தட்ட முழுக்க உங்கள் பெயரிலுள்ள ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஆகவே டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா போன்ற கருவியைச் சாதாரண வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே மாதிரி இருபது கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு அது அருமையானது. வீட்டிலோ ஒவ்வொரு முறையும் கணினியை நிறுத்தி, பென் டிரைவில் தொடங்கி, முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டும். முதல் மாதம் எடுப்போம், இரண்டாம் மாதம் தள்ளிப்போடுவோம், அத்தோடு சரி. போதாக்குறைக்கு, வழக்கமான முறையில் எடுத்த டிஸ்க் நகலை அதைவிடச் சிறிய டிஸ்க்கில் இறக்க முடியாது.

ஹோமுக்குள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் விசையோடு 'எச்' எழுத்தை அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களுடன் இன்னொரு கூட்டம் எழுந்து வரும். தண்டர்பேர்டில் பத்து வருஷமாகச் சேர்ந்த மின்னஞ்சல் அங்கேதான் இருக்கிறது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் அங்கேதான். லிப்ரே ஆஃபிஸுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த சொந்த அகராதி, ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சேர்த்துச் சேர்த்து வளர்த்தது, அதுவும் அங்கேதான். எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு எடுக்க முயலாதீர்கள். ஃபிளாட்பேக்காகப் போட்ட பிரவுசர் ஓர் இடத்தில் வைக்கும், ஸ்னாப்பாகப் போட்ட பிரவுசர் வேறோர் இடத்தில் வைக்கும். ஹோமை மொத்தமாக எடுத்துவிட்டு, கேஷ் ஃபோல்டரையும் குப்பைத்தொட்டியையும் மட்டும் விலக்குங்கள். ஹோமுக்கு வெளியே இருப்பதில் வேண்டியது, என்னென்ன மென்பொருள்கள் போட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியல். மின்ட்டில் இருக்கும் பேக்கப் டூல் அந்தப் பட்டியலை ஒரு சிறு கோப்பாகக் கொடுத்துவிடும். கணினியிலேயே டேட்டாபேஸோ வலைத்தளமோ ஓட்டுகிறவர்கள் அவற்றின் தரவைத் தனியாக எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் திறக்காது போகலாம். அதற்கென்று உள்ள ஏற்றுமதிக் கட்டளையால் எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. பேக்கப்பைப் பற்றி வெளியே எழுதப்படுவனவற்றில் இவை பெரும்பாலும் வருவதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகள் அரசுத் தரமாயின. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் பாமினி, டிஸ்கி, அச்சகங்கள் தங்களுக்கென்று வைத்திருந்த குறியீடுகள் என்று ஆளுக்கொன்றில் அடித்தோம். அந்தக் கோப்புகளை எவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்தாலும், உரிய எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துகளும் கிறுக்கலும்தான் தெரியும். கோப்பு கிடைத்தது, கட்டுரை கிடைக்கவில்லை. புதிய கணினியில் அந்த எழுத்துருவை எங்கே தேடுவது? ஆகவே எழுத்துருக் கோப்பையும் கட்டுரை இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகலும், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். ஹோமிலேயே எழுத்துருவை நிறுவியிருந்தால் அது மறைந்த ஃபோல்டர் ஒன்றில் இருக்கும். ஹோமை முழுசாக எடுத்தால் கூடவே வந்துவிடும். சிஸ்டம் முழுமைக்கும் நிறுவியிருந்தால் வராது.

இரண்டாவது, கோப்பின் பெயர். லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரை போகலாம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். 'திருவிளையாடற்புராணம்' என்ற ஒரு சொல்லுக்கே 60 பைட் ஆகிவிடுகிறது. இதுவாவது பரவாயில்லை. ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்யும் பழைய முறையான இகிரிப்ட்எஃப்எஸ்ஸில் பெயருக்கு 143 பைட்தான் இடம். அதாவது 47 தமிழ்க் குறியீடுகள். வெறும் டிஸ்க்கில் நீட்டி முழக்கிப் பெயர் வைத்த கட்டுரை, மீட்கும்போது அப்படிப்பட்ட ஹோமுக்குள் நுழைய மறுக்கும். ஆயிரம் கோப்புகளில் நாலு மட்டும் வராமல் போனால் யார் கவனிப்பது? பெயரைச் சுருக்கமாக வையுங்கள், தேதியை முன்னால் போடுங்கள்.

மூன்றாவது விசித்திரமானது. 'கோவில்' என்ற பெயரில் உள்ள 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். அந்த டிஸ்க்குக்கும் இந்த டிஸ்க்குக்கும் போய்வந்த கோப்பு ஒரே பெயரில் இரண்டாக வந்து நிற்கும்போது எது புதியது என்று திகைத்துப் போவோம். டெர்மினலில் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கருவியில் இதற்கென்றே பெயர்களை மாற்றிக் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு என்பதை மேக்கும் லினக்ஸும் சேர்த்துப் புழங்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

இனி உலகம் பார்க்க நடந்த ஒரு கதை. 2017 ஜனவரி 31 இரவு, நிரல் எழுதுகிறவர்கள் புழங்கும் கிட்லேப் சேவையின் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வர் ஒன்று, அதன் நகலாக இன்னொன்று. பின்தங்கிப்போன நகலைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணிய பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். தினமும் டேட்டாபேஸை எடுத்து வெளியே அனுப்ப வேண்டிய ஏற்பாட்டைத் திறந்தால் அங்கே ஒன்றுமே இல்லை. ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, எடுக்கிற கருவி 9.2 பதிப்பு. பதிப்பு ஒத்துவராததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுப் போய்க்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று மின்னஞ்சல் அனுப்பவும் செய்தது. அந்த அஞ்சல்களுக்கு உரிய அடையாளச் சான்று இல்லாததால் பெறுகிற சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டது. யாருக்கும் சேதி வரவில்லை. சேதி வரவில்லை என்பதையே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளவுட் நிறுவனம் தரும் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதியை டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போட்டிருக்கவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். தற்செயல்தான். அதை இடம் மாற்றிக் கொண்டுவர வேண்டிய டிஸ்க் மெதுவானது என்பதால் சேவை திரும்ப 18 மணி நேரம் பிடித்தது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை, சுமார் 5,000 புராஜெக்ட்களின் விவரம், அதே அளவு கருத்துரைகள், சுமார் 700 புதிய கணக்குகள், போனது போனதுதான்.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள், நடந்ததைப் பூசி மெழுகாமல் எழுதி வெளியிட்டார்கள். இந்தக் கதை நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதே அதனால்தான். எடுக்கிற ஏற்பாடுகளை அடுக்கடுக்காக வைத்திருந்தவர்கள் திறந்து பார்க்கிற ஏற்பாடு வைத்திருக்கவில்லை. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அந்தக் காலிப் பெட்டியைத் திறந்திருந்தால் போதும். தென்காசி டீச்சர் திறந்தார்.

வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று இப்போது சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் தன் நூலில் எழுதிப் பரவியது. வீட்டளவில் அதை எளிமையாக்கினால் இரண்டு எக்ஸ்டெர்னல் டிரைவ் என்று ஆகும். உங்கள் ஹோம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு இருந்தால் தாராளம். பென் டிரைவை நம்பாதீர்கள். கொடுத்து வாங்குவதற்கு நல்லது, வைத்துக் காப்பதற்கு ஆகாது.

வீட்டில் இருக்கும் டிரைவுக்கு என் தேர்வு பேக் இன் டைம். காரணம் ஒன்றுதான். அது கோப்புகளைக் கோப்புகளாகவே வைக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஃபோல்டர். திறந்தால் அன்றைய ஹோம் அப்படியே இருக்கும். மாறாத கோப்பு எத்தனை தேதியில் தெரிந்தாலும் டிஸ்க்கில் ஒரு தடவைதான் இடம் பிடிக்கும். மென்பொருளே இல்லாவிட்டாலும் ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டு மீட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் வேறொருவர் செய்வாரா என்று முதலில் கேட்டேனே, அதற்கு இது தோது. போர்க், ரெஸ்டிக் போன்றவை இடத்தை இதைவிட நன்றாக மிச்சப்படுத்தும், என்கிரிப்ஷனும் செய்யும்; சர்வர் வைத்திருப்பவர்கள் அவற்றைத்தான் விரும்புவார்கள். ஆனால் அவற்றில் எடுத்ததை அவற்றைக் கொண்டுதான் திறக்க முடியும்.

டிரைவை வாங்கியவுடன் டிஸ்க்ஸ் செயலியில் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது இருக்கும் எக்ஸ்ஃபேட்டில் கோப்பின் உரிமையாளர் யார், யார் திறக்கலாம் என்ற விவரங்கள் தங்காது. ஒரே பிரதியைப் பல தேதியில் காட்டும் வித்தையும் நடக்காது. இஎக்ஸ்டி4 டிரைவை விண்டோஸ் கணினி தானாகப் படிக்காது என்பது ஒரு குறை. அதனால் மின்ட் போட்ட ஒரு பென் டிரைவை அதனோடு சேர்த்து வையுங்கள். யாருடைய கணினியிலும் அதைச் செருகித் தொடங்கி டிரைவைத் திறந்துவிடலாம்.

வேலை முடிந்ததும் டிரைவைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஐப்பசி இடி மின்னலில் கணினி போனால் அதோடு இணைந்திருப்பதும் போகும். ரான்சம்வேர் வந்தாலும், டெர்மினலில் நாமே தப்பாக ஒன்றை அடித்தாலும் அப்படித்தான்.

இரண்டாவது டிரைவ் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அக்கா வீட்டிலோ கடையிலோ இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்து வந்ததைப் பார்த்த சென்னை வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். வெளியே போகும் டிரைவ் தொலைந்தால் உங்கள் ஆதாரும் வங்கிக் கணக்கும் யார் கையிலோ இருக்கும் என்பதால் இதற்கு என்கிரிப்ஷன் அவசியம். இங்கே டேஜா டூப்பைப் பயன்படுத்துங்கள். உபுண்டுவில் பேக்கப்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான். வேறு மென்பொருளாக இருப்பதே ஒரு நன்மை: ஒன்றில் கோளாறு வந்தால் இரண்டு பிரதியும் சேர்ந்து கெடாது. அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை, 'உங்கள் கடவுச்சொல்லை மறுபடி சொல்லுங்கள், திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கிறேன்' என்று தானே கேட்கும். பலர் எரிச்சலோடு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். கணினிக்குள்ளேயே எழுதி வைத்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

டெர்மினலில் கை பழகியவர்கள் ஆர்சிங்க்கை நேராகப் பயன்படுத்துகிறார்கள். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-இல் எழுதிய அந்தக் கருவி இன்றைக்கும் பாதி பேக்கப் மென்பொருள்களுக்குள் இருந்து உழைக்கிறது. மூன்று எச்சரிக்கைகள் மட்டும். ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். மூலத்தில் இல்லாததை அங்கேயும் அழி என்ற 'டெலீட்' விருப்பத்தைச் சேர்ப்பதாக இருந்தால், முதலில் ஒத்திகைக்கான 'என்' விருப்பத்தோடு ஓட்டி, எதெல்லாம் அழியப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது. டிரைவைச் செருக மறந்த நாளிலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தன் நேரத்துக்கு ஓடும். டிரைவ் இணையவேண்டிய ஃபோல்டர் அங்கே காலியாக இருந்தால், ஆர்சிங்க் அதற்குள்ளேயே, அதாவது உங்கள் சொந்த டிஸ்க்கிலேயே, மொத்த ஹோமையும் கொட்டிவிடும். டிஸ்க் நிரம்பிக் கணினி நொண்டும், பேக்கப்போ நடக்கவில்லை. டிரைவ் இணைந்திருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரி ஸ்கிரிப்டின் தலையில் இருக்கட்டும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பழைய ஹார்டு டிஸ்க்கில் தவறி அழித்ததை, மீட்புக் கருவியால் தோண்டி எடுக்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. உபுண்டு, மின்ட் இரண்டிலும் எஸ்எஸ்டியின் காலி இடங்களை வாரம் ஒருமுறை துடைத்துவிடும் டிரிம் என்ற ஏற்பாடு தானாக ஓடுகிறது. அது ஓடிய பிறகு அழித்ததைத் தேடுவது வீண். அழித்துவிட்டோம் என்று தெரிந்தவுடனே கணினியை அணைத்துவிடுங்கள்.

ஒத்திகைக்கு வருகிறேன். மாதம் ஒரு நாள், ஐந்து நிமிடம். டிரைவைச் செருகி, எதேச்சையாக ஒரு பழைய தேதியைத் திறந்து, ஒரு கட்டுரை, ஒரு படம், ஒரு கணக்கு, மூன்றையும் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது. உள்ளே எழுத்து தெரிய வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை. பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்போ, வர்ச்சுவல்பாக்ஸோ எதுவானாலும் சரி. மின்ட்டைப் புதிதாகப் போடுங்கள். பழைய கணினியில் என்ன பயனர் பெயரோ அதே பெயரைக் கொடுங்கள். முதல் பயனராகவும் இருங்கள். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் முதல் பயனருக்குக் கிடைக்கும் எண் 1000. கோப்புகளின் மேல் எழுதியிருப்பது உங்கள் பெயரல்ல, அந்த எண். வீட்டில் இரண்டு பேருக்குக் கணக்கு இருந்து வரிசை மாறிப்போனால், உங்கள் கோப்பு உங்களுக்கே திறக்காமல் அடம்பிடிக்கும். பிறகு ஆவணங்களையும் படங்களையும் கொண்டுவாருங்கள். மறைந்த ஃபோல்டர்களை மட்டும் மொத்தமாகக் கொட்ட வேண்டாம். பழைய பதிப்பின் டெஸ்க்டாப் அமைப்புகள் புதிய பதிப்பில் சண்டை போடும். மின்னஞ்சல், பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், எழுத்துரு என்று வேண்டியதை மட்டும் எடுத்து வையுங்கள்.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 500 ஜிபி ஹோமை பழைய யுஎஸ்பி 2 துளை வழியாகக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆகும். அதையே இணையச் சேமிப்பிலிருந்து 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கினால், வேகம் ஒருபோதும் குறையாமல் இருந்தாலும், 22 மணி நேரத்துக்கு மேல். மாலைக்குள் எது வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டதற்கு அர்த்தம் இதுதான். அந்த நாலைந்து கோப்புகள் எந்தத் துளை வழியாக, எவ்வளவு சீக்கிரம் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவற்றுக்கென்று ஹோமிலேயே ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.

கடிதங்களில் மீதியிருக்கும் இரண்டு கேள்விகள். கூகுள் டிரைவில் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறதே, அது போதாதா என்று ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார். போய்க்கொண்டிருப்பது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். அங்குள்ள குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும். 31-ஆம் நாள் கவனித்தால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வைக்கும் டிரைவுக்குப் பதிலாக டேஜா டூப்பை அங்கே எழுதச் சொல்லுங்கள், அது வேறு விஷயம், அதை ஒப்புக்கொள்கிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுத மறக்க வேண்டாம்.

ஃபோனில் இருக்கும் படங்களையும் இதில் சேர்க்க முடியுமா என்பது மற்றது. முடியும். ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிளால் இணைத்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மின்ட்டின் ஃபைல் மேனேஜரிலேயே தெரியும். டிசிஐஎம் ஃபோல்டரை ஹோமுக்குள் காப்பி செய்துவிட்டால், மற்றவற்றோடு அதுவும் டிரைவுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும், அரட்டைகளின் கதை இன்னும் வேறு. அதை அடுத்த மாதம் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்